ரப்பர் விரிப்பு

கைத்துப்பாக்கிகளைக் கீழே போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். குண்டில்லாத வெறும் தோட்டாவை உள்ளே வைத்து, ஒவ்வொரு பக்கமாக விழவிட வேண்டும். வெடிக்காவிட்டால் பாஸ். விழும் இடத்தில் கனத்த ரப்பர் விரிப்பு போட்டிருப்பார்கள், விதியே அப்படித்தான். எந்தப் புண்ணியவான் வீட்டில் ரப்பர் தரை இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

ஒருநாள் விரிப்பு நழுவி, ஒன்று வெறும் சிமென்டில் பின்பக்கமாக விழுந்தது. படாரென்று வெடித்தது. விரலால் இழுக்கும் விசை கனமானது; விழுந்த வேகத்தில் தானே பின்னால் போயிருக்கிறது.

"விரிப்பு இல்லாம விழுந்தா அது கணக்குல வராது, டெல்ஃபின்," என்றான் மேற்பார்வையாளன் வென்டல்.

வாங்கியவர்களிடமும் சில விழுந்து வெடித்த பிறகுதான் கம்பெனி விற்றதைத் திரும்பக் கேட்டது. அதையாவது நேராகச் சொன்னார்களா? 'விருப்பமிருந்தால் அனுப்புங்கள், இலவசமாக மேம்படுத்தித் தருகிறோம்' என்று பூசி மெழுகினார்கள்.

என் தம்பி அர்மானும் இங்கேதான் பாகங்களைச் சேர்த்துத் துப்பாக்கி கோக்கிறான். இருபத்தைந்து வருட வேலைக்குப் பரிசாக, அதே ரகத்தில் அவனே கோத்த ஒன்றின் மேல்பாகத்தில் அவன் பெயரை வெட்டிக் கொடுத்திருந்தார்கள். அதை இடுப்பில் செருகாமல் பால் வாங்கக்கூடப் போகமாட்டான். எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை.

"அனுப்பித் தொலைடா," என்றேன்.

"அனுப்பினா மேல்பாகத்தையே மாத்திடுவாங்க. என் பேரு போயிடும்."

"உசுரு போனா?"

"ஆபத்துன்னா ஆபத்துன்னு சொல்லியிருப்பானுங்க. 'விருப்பம் இருந்தா'ன்னு எதுக்குச் சொல்றான்? எனக்கு விருப்பமில்ல, போ. நான் கோத்தது, வெடிக்காது."

அவன் மனைவி ஒடீல் சிரித்தாள். "விடு டெல்ஃபின். என் பேர மறந்தாலும் மறப்பாரு, அதுல இருக்கற தன் பேர மறக்கமாட்டாரு."

அந்தச் சனிக்கிழமை மாதா கோயில் மண்டபத்தில் பீன்ஸ் விருந்து. நாற்காலிகளை மடக்க அர்மான் குனிந்தான். துப்பாக்கி நழுவிச் சிமென்டில் விழுந்தது. பீன்ஸ் பானைக்குப் பின்னால் நின்று பரிமாறிக்கொண்டிருந்த ஒடீல், கரண்டி கையிலிருக்கவே சரிந்தாள். ஐயோ, நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போலீஸ் அந்தத் துப்பாக்கியைத் தங்கள் சோதனைச்சாலைக்கு அனுப்பியது. அங்கேயும் அதே உயரம், அதே விரிப்பு. வெடிக்கவில்லை. பாஸ் என்று சொல்லிவிட்டார்கள்.

அர்மான் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். ஒடீலின் கோட்டு இன்னும் கதவில் தொங்கியது.

"உண்மையச் சொல்லு டெல்ஃபின். நான் கோத்ததுல குத்தம் இருந்துச்சா?"

"இல்லடா. நீ சரியாத்தான் கோத்த."

அது உண்மைதான். ஒரு கணம் அவன் முகத்தில் பழைய பெருமை வந்து போனது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அப்ப அவ எப்படிச் செத்தா?"



திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். விரிப்பு இனிமேல் நழுவாதபடி நான்கு மூலையிலும் திருகாணி அடித்து வைத்திருந்தான் வென்டல். முதல் துப்பாக்கியை எடுத்து விழவிட்டேன். பாஸ்.