மறுப்பைத் தேடி

பேராசிரியை எதை எழுதினாலும் அதை மறுத்து ஒருவர் எழுதிவிடுவார். இந்திய வானியல் வரலாற்றை ஆராய்கிறவர்களே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். அதிலும் ஒருவர் இப்படி வேலைமெனக்கெட்டு வம்புக்கு வருவதைப் பார்த்து, அவளுடைய கணவர் அவருக்கு ‘எதிர்க்கட்சி’ என்று பெயர் வைத்தார்.

சண்டையெல்லாம் ஒரே ஒரு சொல்லுக்காக. பழைய வானியலாளர்கள் எண்களைச் சொற்களாக்கிச் செய்யுளில் வைப்பார்கள். கண் என்றால் இரண்டு, தீ என்றால் மூன்று, கடல் என்றால் நான்கு. அவள் பதிப்பித்துக்கொண்டிருந்த கிரகணக் கணக்கு நூலில், தீ வரவேண்டிய இடத்தில் கடல் இருந்தது. ஏட்டைப் படியெடுத்தவரின் கைப்பிழை என்றாள் அவள். பிழையே இல்லை, நூலாசிரியர் கிரகணத்தை நேரில் பார்த்து, பழைய கணக்கு பொருந்தாததால் எண்ணையே மாற்றிவிட்டார் என்றார் அவர். மாநாடுகளில் காபி ஆறிப்போகும் வரை இருவரும் மல்லுக்கட்டுவார்கள்.

“அந்த மனுஷனுக்கு வாயில சனி” என்று வீட்டுக்கு வந்து பொருமுவாள்.

“சனியோட கணக்கும் அவருக்கு அத்துப்படியாச்சே” என்பார் கணவர்.

பிறகு மறுப்புகள் நின்றுபோயின. முதலில் அப்பாடா என்றிருந்தது. அடுத்த கட்டுரைக்கும் சத்தமில்லை என்றதும் சப்பென்றாகிவிட்டது. தொலைபேசியில் கூப்பிட்டாள். அவர் மனைவிதான் எடுத்தார்.

“அவருக்கு மறதி வந்திடுச்சும்மா. சில நாள் என்னையே யாருன்னு கேக்கறார்.”

மறுவாரம் ரயிலேறிப் போனாள். மாடி அறையில் புத்தக அலமாரிகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்களை இடம் மாற்றிப் போட்டிருந்தார். “வாங்க, உக்காருங்க” என்று யாரோ விருந்தாளியிடம் சொல்வதுபோல் சொன்னார். அவள் நூலைப் பற்றி, கிரகணத்தைப் பற்றி, தங்கள் சண்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் வேண்டுமென்றே கேட்டாள்:

“கடல்னா ரெண்டுதானே சார்?”

முதல் வகுப்பு மாணவன்கூட செய்யாத தப்பு. முன்பென்றால் கூரை பறந்திருக்கும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு.



தேநீர் கொண்டுவந்த மனைவி, “இப்ப எல்லாத்துக்கும் சரின்னுதாம்மா சொல்றார். கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொன்ன எதுக்கும் சரின்னதில்ல” என்று சிரித்தார். சிரித்த வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

வீடு திரும்பியதும் பேராசிரியை அவர் எழுதியிருக்கக்கூடிய மறுப்பைத் தானே எழுதத் தொடங்கினாள். ‘மன்னிக்கவும்’ என்று பவ்யமாக ஆரம்பித்து அடுத்த வரியில் குத்தும் அவர் நடை அவளுக்கு மனப்பாடம். எழுத எழுத, அவரும் சொல்லாத ஒரு சான்று சிக்கியது. அடுத்த செய்யுளில் சந்திரனுக்குச் சொன்ன எண், கடல் என்று வைத்துக்கொண்டால்தான் பொருந்தியது. பேனாவைக் கீழே வைத்தாள்.

“என்ன, எதிர்க்கட்சி ஜெயிச்சிடுச்சா?” என்றார் கணவர்.

“ஜெயிச்சிடுச்சு. ஆனா அவர் வந்து என்னைத் தோக்கடிச்சிருக்கணும். நானே எழுதி நானே தோத்து என்ன பிரயோஜனம்?”

நூல் கடல் என்ற பாடத்தோடே வந்தது. அது அவர் கண்டது என்று முன்னுரையில் எழுதினாள். வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொண்டவர்கள் நம் முன்னோர் என்பதற்கு இதுவே சான்று என்று, எல்லாத் திசைகளிலிருந்தும் பாராட்டு வந்தது. ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்தாள். எங்கும் ஒரு ‘மன்னிக்கவும்’ இல்லை.

முகம் தெரியாத ஒரு கல்லூரி ஆசிரியர் மட்டும் ஓர் அச்சுப்பிழையைச் சுட்டியிருந்தார். அவள் அன்றே உட்கார்ந்து அவருக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினாள். வேறு என்னென்ன தப்பு கண்ணில் பட்டது, தயங்காமல் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள்.