ஃபைபர் தாளும் தாழ்ப்பாளும்

ஜொசியான் கடைசியாக எப்போது அரைமணி நேரத்துக்கு மேல் வீட்டுக்கு வெளியே இருந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அப்பா ரேமோனுக்கு எண்பத்திரண்டு வயது. பிரெஞ்சு ராணுவத்தில் செர்ஜானாக, அதாவது சார்ஜெண்டாக, இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வருடமாக மறதி நோய். சாப்பிட்டாரா, இல்லையா, மனைவி இறந்து எத்தனை வருடம், எதுவும் மனதில் நிற்பதில்லை. ஆனால் பட்டாளத்து முகாம்களில் வருடக்கணக்காகச் செய்த காவல் வேலை மட்டும் கைகால்களில் அப்படியே தங்கிவிட்டது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழுந்து வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தாழிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, திருப்தியோடு வந்து உட்காருவார்.

தம்பி ஆந்தனி துலூஸில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் வருவான். "உன்னால எப்படித்தான் முடியுதோக்கா" என்பான். முடியவில்லை என்று சொன்னால் எங்கேயாவது ஹோமில் சேர்த்துவிடலாம் என்பான். அதனால் அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

மூலக்குளத்திலிருந்து லட்சுமி காலை எட்டு மணிக்கு வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, கூடவே இருந்து, பன்னிரண்டரைக்குக் கிளம்புவாள். அதற்குப் பிறகு மறுநாள் எட்டு மணி வரை ஜொசியான்தான்.

நாற்பத்தாறு வயதில், வெளியே போக முடியாதவள், வீட்டுக்குள்ளேயே படம் எடுக்கத் தொடங்கினாள். பழைய ஃபிலிம் கேமரா ஒன்று அவளிடம் இருந்தது. மாடிப்படியில் விழும் வெயில், அப்பாவின் செருப்பு, கொசுவலைக்குள் அவர் தூங்கும் முகம். பின்கட்டில் இருந்த சாமான் அறையைக் காலி செய்து இருட்டறையாக்கினாள். ஜன்னலுக்குக் கறுப்புப் பலகை அடித்துக் கொக்கி மாட்டினாள். மூன்று வருடத்தில் நெகட்டிவ்கள் சேர்ந்துகொண்டே போயின.

கூடப் படித்த அலெக்சாந்த்ரா ஒரு நாள் பார்க்க வந்தவள், அவற்றை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கடற்கரைப் பக்கம் அவள் சின்னதாக ஒரு காட்சிக்கூடம் நடத்துகிறாள்.

"பன்னெண்டு படம் குடு. அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி மாட்டிடலாம்."

"எந்தப் பேப்பர்ல போடறது?"

"உனக்கு இருக்கிற நேரத்துக்கு ஆர்.சி. போதும்டி. யாரும் தொட்டுப் பாக்கப் போறதில்ல."

ஆர்.சி. என்பது பிளாஸ்டிக் பூசிய தாள். ரசாயனம் உள்ளே இறங்காது. நாலைந்து நிமிடம் கழுவினால் போதும், மடிப்பில்லாமல் சீக்கிரம் காய்ந்துவிடும். நடுவில் அப்பா கூப்பிட்டால் போட்டது போட்டபடி ஓடலாம். ஜொசியான் இத்தனை நாளும் அதில்தான் வேலை செய்தாள். ஃபைபர் தாள் அப்படியில்லை. வெறும் காகிதம், ரசாயனத்தைக் குடித்துக்கொள்ளும். குடித்ததை எல்லாம் வெளியேற்ற ஒரு மணி நேரமாவது ஓடுகிற தண்ணீரில் கிடக்க வேண்டும். காயும்போது அப்பளம்போல் சுருண்டுகொள்ளும். ஈரத்தில் சரியாகத் தெரிந்த படம் காய்ந்ததும் ஒரு சுற்று கறுத்துப்போகும். அதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வெளிச்சம் கொடுக்க வேண்டும். ஒரு படத்துக்கு மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும்.

லட்சுமி இருக்கும் காலை நேரம் சமையலுக்கும் துணிக்குமே சரியாகப் போகும்; அவளிடம் மூன்று மணி நேரம் கிடையாது. ஆனாலும் ஒரே ஒரு பாக்கெட் ஃபைபர் தாள் வரவழைத்தாள். ஒரே நெகட்டிவை இரண்டிலும் போட்டுப் பார்த்தாள். வீட்டின் இருண்ட நடையில் அப்பா முதுகைக் காட்டி நிற்கிறார். வெள்ளை பனியன். கை தாழ்ப்பாள்மேல். ஆர்.சி.யில் நடையின் இருட்டு வழவழவென்று, சுவரில் அடித்த பெயின்ட் மாதிரி இருந்தது. ஃபைபரில் அந்தக் கறுப்புக்குள் போக முடிந்தது. உள்ளே சுவரின் காரை, கதவின் விளிம்பு, அப்பாவின் கழுத்து நரம்பு எல்லாம் மெல்ல மெல்லத் தெரிந்தன. இரண்டையும் ஜன்னலோரம் வைத்து மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆர்.சி. பெட்டியை எடுத்து அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டாள். இந்த நாலு வருடத்தில் அவள் தனக்காக எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

வீட்டு வேலைகளைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டு, லட்சுமி இருக்கும் காலை நேரத்தில் ஒரு நாளைக்கு ஒரு படம் என்று போட்டாள். எட்டு முடிந்தன. தாழ்ப்பாள் படம் மட்டும் சரியாக வரவில்லை. ஒரு தடவை காய்ந்து இருட்டிப்போனது. அடுத்த தடவை தொட்டித் தண்ணீர் வெயிலில் கொதித்து, தாளின் ஓரம் கொழகொழத்துவிட்டது. மூன்றாவதில் அப்பாவின் கை வெளுத்துவிட்டது.

அந்த வாரம் லட்சுமி போன் செய்தாள்.

"அக்கா, மாமியார கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நாளைக்கும் நாளான்னைக்கும் வர முடியாதுக்கா."

"பரவால்ல லட்சுமி. நீ பாத்துக்கோ."

மறுநாள் மதியம் சோறு ஊட்டி, மாத்திரை கொடுத்து, அப்பாவைப் படுக்க வைத்தாள். வழக்கமாக நாலு மணி வரை தூங்குவார். மூச்சு சீரானதும், தொட்டியைக் குளிர வைக்க ஐஸ் கட்டி போட்ட தண்ணீர் பாட்டிலோடு பின்கட்டுக்குப் போனாள். வெளிச்சம் பட்டால் தாள் கெட்டுவிடும் என்று போனைச் சமையலறையிலேயே வைத்தாள்.

சிவப்பு விளக்கில் தாள், படத்தை வெளிக்கொண்டு வரும் டெவலப்பருக்குள் மூழ்கியது. அரை நிமிடத்தில் பனியன் எழுந்தது. பிறகு கை. இந்தத் தடவை சரியாக வருகிறது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்போதுதான் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கதவின் மறுபக்கத்தில் இரும்பு உரசி, தாழ்ப்பாள் விழுந்தது. கதவை ஒரு தரம் இழுத்தும் பார்த்தார்.

"பப்பா! நான் உள்ள இருக்கேன் பப்பா!"

"எல்லாம் பூட்டியாச்சு" என்றார் அவர், யாருக்கோ. செருப்புச் சத்தம் தள்ளிப் போனது.

கதவை இரண்டு கையாலும் தட்டினாள். வழி என்று பார்த்தால் ஜன்னல் ஒன்றுதான். அதற்கும் இரும்புக் கம்பி. ஆனால் பலகையைக் கழற்றினால் சந்தில் போகிறவர்களைக் கூப்பிடலாம். கழற்றினால் தட்டில் கிடக்கும் படம் கண்முன்னே கறுத்துப் போகும்.

ஜொசியான் படத்தை எடுத்து, அது மேலும் கறுக்காமல் நிறுத்தும் ஸ்டாப் தட்டில் போட்டாள். அரை நிமிடம். பிறகு படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸரில். அதில் ஒரு நிமிடம் இருந்தாலே வெளிச்சம் தாங்கும். அவள் கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டு, தட்டை ஆட்டிக்கொண்டு, இரண்டு நிமிடம் வைத்தாள். அப்பா தனியாக இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் நின்றாள். மிச்சத் தாள்களை உறையில் போட்டு மூடினாள். அதற்குப் பிறகே கொக்கியை விலக்கிப் பலகையை இறக்கினாள்.

வெயில் முகத்தில் அறைந்தது. சந்தில் வாடகை ஸ்கூட்டரில் போன ஒரு ஜோடி, அவள் கையாட்டுவதைப் பார்த்துப் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போயிற்று. "யாகூப் பாய்! யாகூப் பாய்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். எதிர்ச்சாரியில் நாற்காலிகளுக்கு வார்னிஷ் அடிக்கும் யாகூப், பிரஷ்ஷோடு ஓடி வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"அப்பா வெளிய தாழ் போட்டுட்டாரு பாய். முன்பக்கமா வந்து பாருங்க."

ஓடியவர் அதே வேகத்தில் திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"வாசக்கதவும் உள்பக்கம் பூட்டியிருக்கும்மா. ஜன்னல் வழியாப் பாத்தேன். ஹால்ல நேரா ஒக்காந்திருக்காரு. தொறங்கன்னா, உத்தரவு இல்லாம தொறக்க மாட்டேன்றாரு. அப்புறம்... உள்ளேர்ந்து தீஞ்ச வாசன வருது."

அவளுக்கும் இப்போது வந்தது. பால். காபிக்கு அவரே அடுப்பில் வைத்திருக்கிறார். பொங்கி வழிந்தால் தீ அணையும், கேஸ் நிற்காது.

"பப்பா, கதவத் தொறங்க! பப்பா, நான் ஜோஸி! அடுப்ப அணைங்க!" கெஞ்சினாள், அழுதாள், அம்மா பெயரைச் சொல்லிப் பார்த்தாள். தாழ்ப்பாள் அசையவில்லை. யாகூப் சுத்தியல் எடுத்துவர ஓடினார். பர்மா தேக்குக் கதவு, அவ்வளவு லேசில் உடையாது.

உத்தரவு இல்லாம. அந்த வார்த்தை அவளுக்குள் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வயிற்றிலிருந்து குரலைத் திரட்டிக் கத்தினாள்.

"செர்ஜான் ரேமோன்! ஊவ்ரே லா போர்த்! கதவத் தொற!"

தன் அப்பாவை அவள் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'திற' என்று ஒருமையில் ஏவியதில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வேகமான, அளந்து வைத்த நடை. தாழ்ப்பாள் மேலே போனது.

இருட்டறை வாசலில் ரேமோன் விறைப்பாக நின்றார். முதுகு பத்து வருடத்துக்கு முந்தைய மாதிரி நிமிர்ந்திருந்தது. கை நெற்றிக்குப் போனது.

"உய், மொன் கப்பித்தேன்" என்றார். ஆகட்டும் கேப்டன் என்று.

அவள் அவரைத் தாண்டி ஓடிப்போய் அடுப்பை மூடினாள். சமையலறை முழுக்கக் கேஸ் நெடி. ஜன்னல்களைத் திறந்தாள். வாசற்கதவைத் திறந்து யாகூபை உள்ளே விட்டாள். "நேரத்துக்குத் தப்பிச்சீங்கம்மா" என்றார் அவர். எவ்வளவு நேரம் கழித்துத் தன்னைக் கூப்பிட்டாள் என்று அவர் கேட்கவில்லை. தட்டை ஆட்டிக்கொண்டு நின்ற அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆந்தனியிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே யாகூப் எல்லாக் கதவுகளின் தாழ்ப்பாளையும் கழற்றி, ரேமோனின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டிக் கொடுத்தார். படம் குழாயடியில் ஒரு மணி நேரம் கிடந்தது. காய்ந்தபோது, கணக்குப் போட்ட அளவுக்குத்தான் கறுத்திருந்தது. அதைவிட நல்ல படம் அவள் போட்டதில்லை.

ஆனால் அப்பா அதற்குப் பிறகு அவளை ஜோஸி என்று கூப்பிடவில்லை. காலையில் அவள் அறை வாசலில் வந்து விறைத்து நிற்பார். சாப்பிடு என்று உத்தரவு போட்டால் சாப்பிட்டார். படு என்றால் படுத்தார். முன்பு ஒரு மணி நேரம் மன்றாட வேண்டிய மாத்திரையை ஒரு சொல்லில் விழுங்கினார். "இன்னாக்கா, இவ்ளோ சுளுவாயிட்டாரு" என்று லட்சுமி ஆச்சரியப்பட்டாள். மீதி மூன்று படங்களையும் ஜொசியான் அந்த அமைதியில்தான் போட்டு முடித்தாள். ஒரு நாள் பழைய குரலில், "பப்பா, என்னத் தெரியுதா?" என்று கேட்டுப் பார்த்தாள். அவர் குழம்பிப்போனார். மேலதிகாரியின் கேள்விக்குப் பதில் தெரியாத சிப்பாயைப் போல் அவளையே பார்த்தார். அவள் அவசரமாக முகத்தை இறுக்கிக்கொண்டு, "போய் உக்காரு" என்றாள். அவருக்கு நிம்மதியாயிற்று.

பதினெட்டாம் தேதி மாலை லட்சுமி கூடுதல் நேரம் இருக்க ஒப்புக்கொண்டாள். ஜொசியான் புடவை கட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். ரேமோன் எழுந்து நின்று சல்யூட் வைத்தார். அவள் தாண்டிப் போனதும் பின்னாலேயே வந்தார். அவள் நின்றால் நின்றார். "இங்கேயே இரு" என்றாள். இருந்தார். வாசற்படி இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, கையை நெற்றியிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். இறக்கச் சொல்லி அவள் உத்தரவு கொடுக்கவில்லை. லட்சுமி இழுத்துப் பார்த்தாள், கை இறங்கவில்லை. தோள் நடுங்க ஆரம்பித்திருந்தது.

ஜொசியான் திரும்பி வந்து, கையை இறக்கச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றினாள்.

ஏழு மணிக்கு அலெக்சாந்த்ரா போன் செய்தாள். பின்னால் ஏகப்பட்ட குரல்கள். "எங்கடி இருக்க? எல்லாரும் அந்தத் தாழ்ப்பாள் படத்துகிட்டயே நிக்கறாங்க. எந்தப் பேப்பர்னு ஒருத்தரு கேக்கறாரு."

"ஃபைபர்" என்றாள் ஜொசியான்.

"நீயே வந்து சொல்லேன். வர்றியா?"

எதிரே அப்பா அவள் வாயைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"இன்னிக்கு முடியாது" என்று போனை வைத்தாள். பிறகு, தன்னால் முடிந்த அளவு மெதுவாக, "ரொம்பே" என்றாள். கலைந்து போகலாம் என்கிற உத்தரவு. ரேமோன் குதிகாலைச் சேர்த்து, திரும்பி, தன் அறைக்கு நடந்தார்.