மொட்டை மாடியில் ஒரு மீட்புப் பணி

விண்வெளி வீரர்களோடு கடலில் வந்து இறங்கிய விண்கலத்தை மீட்கப் போன கடற்படை அதிகாரி ஓய்வு பெற்று வீடு திரும்பிய நாளிலிருந்து, அந்த நகரில் உயரத்திலிருந்து தவறி விழுவதெல்லாம் அவருடைய மொட்டை மாடியில்தான் வந்து விழுந்தது. அடுத்த தெருவில் கொடியிலிருந்து பறந்த சட்டை, ஆற்றுக்கு அப்பால் ஒரு சிறுமி ஜன்னல் வழியே தவறவிட்ட பந்து, பல் வைத்தியர் வீட்டுப் பூந்தொட்டி எல்லாம் அங்கேதான். எதுவும் உடைந்ததில்லை. அதிகாரி ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, விண்ணிலிருந்து வந்தவற்றுக்குரிய முறைப்படி கிருமிநாசினி தெளித்துக் கழுவி, போர்வையில் சுற்றி வைப்பார். உரியவர்கள் சாயங்காலம் வந்து வாங்கிப்போவார்கள். பூச்செடிகளுக்கு மட்டும் கிருமிநாசினி ஒத்துக்கொள்ளவில்லை.

அதிகாரியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளருக்கு இந்தச் சங்கதியெல்லாம் அற்பமாகத் தெரிந்தது. அவருக்கு வேண்டியது வீர வரலாறு. கொந்தளிக்கும் அலைகளுக்கு நடுவே அதிகாரி விண்கலத்தைத் தூக்கிய கதையை, அவரை ஒருமுறைகூடப் பார்க்காமலே, நூலகத்தில் உட்கார்ந்து மூன்று அத்தியாயம் எழுதித் தள்ளியிருந்தார். எழுதும்போது தானே உருகி அழுத இடங்களும் உண்டு. அதைப் பெருமையாக எடுத்துப்போய் அதிகாரியின் மனைவிக்கு வாசித்துக் காட்டினார். அந்த அம்மாள் பாதியிலேயே கையமர்த்தினார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இவர் எதையும் தூக்கலையே. இவங்க கப்பல் ஒரு பக்கம் காத்துக்கிட்டு நின்னுச்சு, விண்கலம் வேற பக்கம் போய் விழுந்துச்சு. இன்னொரு கப்பல்தான் எடுத்துச்சு."

மாடியிலிருந்து இறங்கிவந்த அதிகாரி ஈரக் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. "புஸ்தகமெல்லாம் வேண்டாம் தம்பி. ஒரு மனுஷனைக்கூட நான் காப்பாத்தினதில்ல. அதையும் எழுதி ஊர் சிரிக்கணுமா?" என்றார்.

ஆராய்ச்சியாளர் மசியவில்லை. எட்டு வருட உழைப்பு. வேறு எதற்கும் லாயக்கில்லாதவர் என்று அவருடைய அக்கா வேறு எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். அதிகாரியின் வாழ்க்கையைப் பற்றி அதிகாரிக்கே சரியாகத் தெரியவில்லை என்று தீர்மானித்து, ஆதாரம் தேடி நூலகத்தின் உயரமான ஏணியில் ஏறினார். "சார், அந்த ஏணி ஆடும்" என்றார் நூலகர். ஏணிகளைப் பற்றியும் தனக்கே அதிகம் தெரியும் என்பது ஆராய்ச்சியாளரின் நினைப்பு. உச்சிப்படியில் கால் வழுக்கியது.

நூலகத் தரை வரவேயில்லை. நகரின் மறுகோடியில், அதிகாரியின் மொட்டை மாடியில், ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் மல்லாந்து கிடந்தார்.

"கிட்ட வராத, மொதல்ல கழுவணும்!" என்று மனைவியைத் தடுத்துவிட்டு, அதிகாரி அவரைத் தலையோடு காலாகக் கிருமிநாசினியில் குளிப்பாட்டினார். போர்வையில் சுற்றினார். பேர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். நாடி பிடித்துப் பார்த்தார். "உயிரோட இருக்கார்டி" என்று சொன்னவர், அப்படியே உட்கார்ந்து விம்மி அழுதார். அந்த அம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அதிகாரி மூக்கைச் சிந்திக்கொண்டு, "இப்ப எழுதிக்கோங்க தம்பி" என்றார்.

மூன்று அத்தியாயங்களும் குப்பைக்குப் போயின. அதிகாரி தன் வாழ்நாளில் ஒரே ஒரு மனிதரை மீட்டார் என்றும், அந்த மனிதர் இன்னும் கொஞ்சம் உருப்படியானவராக இருந்திருக்கலாம் என்றும் புத்தகம் தொடங்குகிறது.