ஊசி உறைக்காத இடம்

காளியாயியின் தோளில் வெள்ளைத் திட்டு இருப்பதை முதலில் பார்த்தவள் அடுத்த காம்பராவில் குடியிருந்த ராசம்மா. பீலித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தபோது, "என்னடி இது, சுண்ணாம்பத் தெளிச்ச மாதிரி?" என்று கேட்டுவிட்டுத் தன் வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். நகர்த்தியது ஒரு சாண்கூட இருக்காது. காளியாயி சேலையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இதற்கு முன்னால் நடந்த சங்கதி அப்படி. கடைசிக் காம்பராவில் இருந்த சோலைமலைக்கு முகமெல்லாம் தடித்துக் காதுமடல் வீங்கியபோது, குஷ்டம், பெருவியாதி என்று லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை. அவன் பெண்சாதியிடம் அடுப்புக்கு நெருப்பு வாங்கக்கூட ஒருவரும் போகவில்லை. ஒரு மழைநாளில் அவளும் பிள்ளைகளும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து காளியாயி ரவிக்கைக்கு மேல் கம்பளியைப் போர்த்துக்கொண்டே கொழுந்து பறித்தாள். பக்கத்து நிரையில் நிற்பவர்களின் தோலையே கண் தேடியது. வீரம்மாவின் விரலிடுக்கில் சிரங்கு. கங்காணியின் கழுத்தில் வட்டவட்டமாய்ப் படை. அவர்கள் சொறிந்துகொள்வதைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அரித்தால் பயமில்லை என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். தனக்கும் அரிக்க வேண்டுமென்று மாரியம்மனை வேண்டிக்கொண்டாள். அரிக்கவில்லை.

கடைக்குட்டியைத் தன் பாயில் படுக்கவிடாமல் தள்ளியபோதுதான் புருஷன் அழகுமுத்து கவனித்தான். "புள்ளைய ஏன் வெரட்டுற?" என்றான். அவள் அழுதுகொண்டே தோளைக் காட்டினாள்.

"அட, இது தேமலு புள்ள."

"நீங்க என்ன டாக்டரா?"

தோட்டத்து மருந்துச் சாலைக்குப் போனால் பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் தங்கச்சிக்குப் பேறுகாலம் என்று கங்காணியிடம் பொய் சொல்லிவிட்டு, வட்டவளையில் ரயிலேறி அட்டன் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனார்கள்.

அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். வெளிச்சத்தில் அவளைத் திருப்பி உட்காரவைத்து, கண்ணாடித் துண்டின் விளிம்பால் வெள்ளையை மெல்லச் சுரண்டினார். தவிடு மாதிரிப் பொடி உதிர்ந்தது. பிறகு ஊசி முனையால் தொட்டார்.

"ஆத்தே!" என்று துள்ளினாள்.

"நல்லது. ஊசி உறைக்குது. இது வெறும் தேமல். பூசுறதுக்கு மருந்து தாறன். பயப்பிட ஒண்டுமில்லை."

காளியாயி கையெடுத்துக் கும்பிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று அழகுமுத்து மருந்துச் சீட்டை வாங்கக் கையை நீட்டினான். டாக்டர் சீட்டைக் கொடுக்கவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சின்னவிரல் எப்ப துடக்கம் இப்பிடி மடங்கிக் கிடக்கு?"

"தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி புடிச்சுப் புடிச்சு இப்புடி ஆயிருச்சுங்க."

"சட்டையைக் கழட்டும்."

முழங்கைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் செம்பு நிறத்தில் வெளுத்திருந்தது. மயிரில்லை. மற்ற இடமெல்லாம் வேர்த்திருக்க, அது மட்டும் காய்ந்து கிடந்தது. காளியாயி எத்தனையோ முறை எண்ணெய் தேய்த்துவிட்ட இடம்தான். பழைய தழும்பென்று நினைத்திருந்தாள். டாக்டர் முழங்கை எலும்போரம் விரலை வைத்து உருட்டினார். உள்ளே நரம்பு கயிறு மாதிரித் தடித்திருந்தது.

"கண்ணை மூடும். நான் குத்திற இடத்தை விரலாலை காட்டும்."

அழகுமுத்து கண்ணை மூடினான். ஊசி இறங்கியது. காளியாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொருமுறை இறங்கியது. ஒரு துளி ரத்தம் வந்து நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் காத்திருந்தான்.

"இன்னும் குத்தலீங்களா?" என்றான்.

"லொறியில ஏத்திருவீங்களா சாமி?" என்று டாக்டரின் காலைப் பிடித்தாள்.

"எழும்பும் அம்மா. எல்லாரையும் கொண்டுபோய் வைக்கிற காலம் இல்லை. இப்ப மருந்துக் குளிசை இருக்கு. வருஷக்கணக்கா, விடாமல் குடிக்கவேணும். பிள்ளையளையும் கூட்டிவந்து காட்டுங்கோ."

ரயிலில் அழகுமுத்து அவளை ஒட்டி உட்காரவில்லை. ரோசெல்லை ரயில் குகையின் இருட்டில் மட்டும் பேசினான். "புள்ளைகளக் கூட்டிக்கிட்டுக் கந்தப்பளைக்கு ஒங்கண்ணன் வீட்டுக்குப் போயிரு."

போய்விடலாமா என்று அவளுக்கும் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்குப் பயமாக இருந்தது. வட்டவளையில் இறங்கினார்கள். மேட்டுப் பாதையில் பாதி தூரம் ஏறியபிறகு, "அங்க போனா யாரு ஒங்களுக்கு மாத்திர எடுத்துக் குடுப்பாங்க?" என்றாள்.

பேறுகாலக் கதையை நம்பாமல் வாசலில் நின்ற ராசம்மா, "ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். "தேமலாம்" என்றாள் காளியாயி, லயத்துக்கே கேட்கும்படி.

பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வாரா வாரம் தலைமுழுக்காட்டும்போது பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, விளக்குமாற்றுக் குச்சியால் உடம்பெல்லாம் குத்திப் பார்ப்பாள். "வலிக்குதும்மா!" என்று அவர்கள் கத்திய பிறகுதான் தண்ணீர் ஊற்றுவாள்.

அழகுமுத்து கை சுளுக்கென்று சொல்லிக் கவ்வாத்திலிருந்து புல்லுவெட்டுக்கு மாறிக்கொண்டான். மாத்திரை வருஷக்கணக்காய் ஓடியது. செம்பு நிறம் மெல்ல மங்கி, தோலோடு தோலாகிவிட்டது. விரல் மட்டும் நிமிரவில்லை.