யூரியா பத்தாத பச்சை

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் விவசாயிகள் சேர்ந்து அரிசி விற்க ஒரு கம்பெனி வைத்திருக்கிறார்கள். அதற்கு வெப்சைட் செய்யும் வேலை எனக்கா, சென்னை நிறுவனம் ஒன்றுக்கா என்று அன்றைய கூட்டத்தில் முடிவாக வேண்டும். எனக்குக் கிடைத்தால் ஊரோடு இருந்து பிழைக்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை மறுபடியும் சென்னை ஹாஸ்டல், அந்த ஹாஸ்டல் சாம்பார். கம்பெனித் தலைவர் ரெத்தினம் என் அப்பாதான். அதனால் வேலை சுலபமாகக் கிடைத்துவிடும் என்று நினைத்தால், நீங்கள் என் அப்பாவைப் பார்த்ததில்லை.

நான் மாதிரிக்குச் செய்த பக்கங்களைக் கூட்ட அறை டிவியில் போட்டதும் முதல் குறையை அவர்தான் சொன்னார்.

"என்ன செம்மொழி, பச்சை இப்படி வெளிறிக் கெடக்கு? யூரியா பத்தாத பயிராட்டம்."

எல்லாரும் சிரித்தார்கள். இப்போதைய நாகரிகம் என்று நான் தேடிப் பொறுக்கிய இளம்பச்சை அது. சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

"இத்தனை பக்கத்துலயும் மாத்தணுமே, எத்தனை நாள் ஆகும்?" விடுவதாயில்லை மனுஷர்.

நான் ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக நிறம் போடவில்லை. 'பயிர்' என்று ஒரு பெயர் வைத்து, தலைப்பு, பட்டன், ஓரக்கோடு எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரைக் கொடுத்திருந்தேன். 'பயிர்' என்ன நிறம் என்பதை ஓரிடத்தில் மாற்றினால் போதும். மாற்றினேன். அத்தனை பக்கமும் அந்த நொடியே கரும்பச்சையானது.

"அய்யய்யோ, இது யூரியாவை அள்ளிக் கொட்டுன பச்சை," என்றார் உறுப்பினர் அம்சம் அக்கா. "நாளைக்கே இலைச்சுருட்டுப் புழு வந்து உக்காந்துடும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இருங்க எல்லாரும்!" என்று வெளியே போனேன். கட்டிடத்தை ஒட்டியே அக்காவின் சம்பா வயல். செல்போனில் ஒரு படம் எடுத்து வந்து, அதிலிருந்தே நிறத்தை எடுத்து 'பயிர்' என்ற பெயருக்குக் கொடுத்தேன்.

"அட, இது என் வயலு!" அக்கா நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டார். "எங்க வயலுக்கும் இப்படி ஒரு எடத்துல மாத்துனா பச்சை மாறுற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடேன். உரக்கடைக்கு அலையற வேலை மிச்சம்."

பிறகு அவரே கூட்டத்தைப் பார்த்து, "செம்மொழிக்கே குடுக்கலாங்கறவங்க கை தூக்குங்க," என்றார்.

கைகள் எழுந்தன. அப்பாவைப் பார்க்கத்தான் பயம். இவ்வளவு குறை சொன்னவர் கையைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார் என்று தரையையே பார்த்திருந்தேன்.

"தலைவரே, ஒரு கை போதுங்க," என்று அக்கா சொன்னபோதுதான் நிமிர்ந்தேன். அப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.