மூடிய பெட்டி

அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். கணவர், ஹோட்டல் ஒன்றின் மாடி ஹாலில் வாரக் கடைசியில் வாசிக்கும் இசைக்குழுவில், தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிதார் வாசித்தவர். கல்யாணமான புதிதிலிருந்தே அவரைச் சீண்டுவது அவளுக்கு வழக்கம். "பாடறவங்க குரல் கேக்குது, டிரம்ஸ் கேக்குது. நீங்க நெஜமாவே வாசிக்கிறீங்களா, இல்ல கிதார மாட்டிக்கிட்டு சும்மா நிக்கிறீங்களா?" என்பாள். "நான் நிறுத்திப் பாத்தா தெரியும்" என்று அவர் சிரிப்பார்.

மூளைக்காய்ச்சல் வந்து, பிழைத்து எழுந்தபோது அவருக்கு இரண்டு காதும் போய்விட்டிருந்தது. காதுக்குள் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை பற்றி விசாரித்தார்கள். உட்காது எலும்பாக இறுகிவிட்டது, கம்பி நுழைய இடமில்லை என்று மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னார். படத்தில் வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்துவிட்டுக் கணவர், "பூசி மூடிட்டாங்களா?" என்றார். அவர் குரல் மட்டும் பழையபடியே இருந்தது.

வீட்டில் ஓரளவு சமாளித்தார்கள். நேருக்கு நேர் நின்று நிதானமாகப் பேசினால் உதட்டசைவைப் பிடித்துக்கொள்வார். காரில்தான் முடியவில்லை. அவருக்குப் பார்சல் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. காலையில் அவரை இறக்கிவிட்டு வேலைக்குப் போவாள், மாலையில் ஏற்றிக்கொள்வாள். ஓட்டுகிறவள் ரோட்டைப் பார்க்க வேண்டும், அவர் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ஊர்வம்பு பேசியே கரைந்துபோகும் அந்த வழி, இப்போது இரண்டு அந்நியர்கள் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போகிற மாதிரி ஆகிவிட்டது.

கார் சர்வீஸுக்குப் போயிருந்த ஒருநாள், கூட வேலை செய்கிறவள் தன் தம்பியின் காரில் அவளை வீட்டில் விட்டாள். பின் சீட்டில் உட்கார்ந்தவளுக்கு, ஸ்பீக்கரில் அலறிய பாட்டில் முதுகெலும்பு வரை அதிர்ந்தது. தலைவலியோடு இறங்கினாள். படியேறும்போதுதான் பொறி தட்டியது. இது என் காதில் மட்டுமா கேட்டது?

அந்தத் தம்பியிடம் விலாசம் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்த கடையில், பருத்த உடம்புக்காரர் ஒருவர் மரத்தூள் படிந்த மீசையோடு நின்றிருந்தார். காருக்குள் வைக்கும் ஸ்பீக்கர் பெட்டிகளைத் தன் கையாலேயே அறுத்து ஒட்டுவதால் அவருக்குப் பாக்ஸ் அண்ணன் என்று பெயர்.

"என்ன மாதிரி வேணும்மா? கண்ணாடி அதிரணுமா, பக்கத்து வண்டிக் கண்ணாடியும் சேர்ந்து அதிரணுமா?"

"என் வீட்டுக்காரருக்குண்ணா. அவருக்குக் காது சுத்தமாக் கேக்காது."

பாக்ஸ் அண்ணன் கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்தார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு மோவாயைத் தடவினார். "உடம்புக்குத் தெரியணும்னா காத்தத் தள்ளணும். சப்வூஃபர்னு தாழ்ந்த சத்தத்துக்குன்னே இருக்கிற ஸ்பீக்கர், அதுல பெரிசா ஒண்ண ஓட்டை வெச்ச பெட்டியில போடறேன். உள்ள இருக்கிற காத்து அந்த ஓட்டை வழியா வெளிய வந்து இடிக்கும். அதுக்குத் தீனி போடற மாதிரி ஒரு ஆம்ப்ளிஃபயர். நெஞ்சுல அறையும் பாருங்க."

பொருத்திய அன்று, கணவரைப் பின் சீட்டில் உட்காரவைத்து, குழுவின் பழைய மேடை ரெகார்டிங் ஒன்றைப் போட்டார்கள். அவர் முதுகைச் சாய்த்துக்கொண்டார். உள்ளங்கையைச் சீட்டில் பதித்தார். திடீரென்று முகம் கோணியது. வலிக்கிறதோ என்று அவள் பதறிக் கதவைத் திறந்தாள்.

"வருது," என்றார். "ஏய், வருதுடி!"

பாக்ஸ் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் ஒரு திருகாணியை முறுக்கினார்.

சில வாரங்கள் அந்தச் சந்தோஷம் ஓடியது. பிறகு மெல்ல அவர் முகம் சுளிக்க ஆரம்பித்தார். "தாளம் வருது. ஆனா எந்த நோட்டு வாசிச்சாலும் ஒரே எடத்துல இடிக்குது. என் வாசிப்பு இல்ல இது. யாரோ கதவத் தட்டற மாதிரி இருக்கு," என்றார்.

அவரே கடைக்குப் போய் அதைச் சொன்னதும் பாக்ஸ் அண்ணன் பெட்டியின் ஓட்டைமேல் கையை வைத்துப் பார்த்தார். "சார் சொல்றது ரொம்ப சரி. ஓட்டை வெச்ச பெட்டி ஒரு ஸ்வரத்துலதான் கொழுத்துக் கத்தும். மத்தத அமுக்கிடும். காது இருக்கிறவன் எவனும் இதுவரைக்கும் எங்கிட்ட இதச் சொன்னதில்ல."

அன்றிலிருந்து இரண்டு ஆண்களும் கூட்டு சேர்ந்துவிட்டார்கள். ஞாயிறானால் கணவர் கடையில்தான். ஓட்டையில்லாத, நாலாபுறமும் காற்றுப் புகாமல் மூடிய பெட்டி என்று முடிவானது. சத்தம் குறையும், ஆனால் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாக வரும். ஸ்பீக்கரும் சின்னதாக, சட்டென்று அசைந்து சட்டென்று நிற்பதாகத் தேடினார்கள். ஆம்ப்ளிஃபயரை மாற்றினார்கள். "பெரிசு முக்கியமில்ல, திணறக் கூடாது. திணறினா பேஸ் கலங்கிடும்" என்று பாக்ஸ் அண்ணன் அவர் முகத்துக்கு நேராக, வாயை அகலத் திறந்து சொல்வார். கதவுத் தகடும் டிக்கி மூடியும் பாட்டோடு சேர்ந்து கடகடக்கிறது என்று உள்ளே முழுக்கத் தார் பூசிய கனமான தாள்களை ஒட்டினார்கள். நம்பர் பிளேட்டைக்கூட விடவில்லை. கணவர் விரல் நகத்தில் பசையோடு வீட்டுக்கு வருவார், பசிக்கிறது என்பார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து பசி என்ற சொல் வந்ததே அப்போதுதான்.

வேலை முடிந்த அன்று, அதே ரெகார்டிங்கைப் போட்டார்கள். முன் சீட்டில் இருந்த அவளுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. இடி இல்லை, அதிர்வு இல்லை. பாட்டின் அடியில் யாரோ தாழ்ந்த குரலில், அவசரமில்லாமல், பாடகியோடு கூடவே நடந்து வருவது போலிருந்தது. பாடகியின் குரல் விழுகிற இடத்தில் தாங்கி, எழுகிற இடத்தில் ஒதுங்கி வழிவிட்டது அது. இத்தனை வருஷமாக, நிஜமாகவே வாசிக்கிறீர்களா என்று அவள் கேட்டது இதைத்தான். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாக்ஸ் அண்ணன் கண்ணை மூடி, காரின் கூரைமேல் கை வைத்து நின்றார். "என் கையால இந்த மாதிரி ஒண்ணு செஞ்சதே இல்லம்மா," என்றார்.

பின் சீட்டில் கணவரின் இடது கை விரல்கள் தொடைமேல் கம்பி பிடிப்பது போல் ஓடின. "வருது," என்றார். "தெளிவா வருது."

அதன் பிறகு தினமும் காரில் பாட்டுதான். அவர் முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தபடி விரல்களை ஓட்டிக்கொண்டே வருவார். தனக்குப் பிடித்த இடம் வரும்போது சுட்டுவிரலை உயர்த்துவார். பேச்சு இல்லாவிட்டாலும் இரண்டு பேரும் ஒன்றையே கேட்டுக்கொண்டு போகிறோமே, அது போதும் என்று அவளுக்கு இருந்தது.

ஒருநாள் மாலை, பாட்டு பாதியில் இருக்கும்போது அவள் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. பாட்டு தானாக நின்று, மேற்பார்வையாளரின் குரல் கார் முழுக்கக் கேட்டது. நாளைக்குச் சீக்கிரம் வர முடியுமா என்றார். வருகிறேன் என்றாள். பேசிக்கொண்டே பக்கவாட்டில் பார்த்தாள். கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்து லேசாகப் புன்னகைத்தபடி வாசித்துக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் யாரோ விடுப்பில் போவதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கணவரின் சுட்டுவிரல் உயர்ந்தது.

அவள் வண்டியை ஓரங்கட்டினாள். பூட்டியிருந்த டயர் கடை முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"பாட்டு ஓடலங்க. நான் போன்ல பேசிட்டிருந்தேன்."

அவர் கை அப்படியே நின்றது. உதட்டைத் தவறாகப் படித்துவிட்டோமோ என்பது போல் பார்த்தார்.

"எப்பலேர்ந்து வரல?" என்றாள்.

"மொத நாள்லேர்ந்து," என்றார். "பழைய பெட்டியில இடியாவது வந்துச்சு. இதுல எதுவும் வரல. தகரம் எல்லாத்தையும் ஒட்டி அமுக்கினோமே, எனக்கு வந்துட்டிருந்தது அந்தத் தகரத்தோட அதிர்வுதான் போல."

"ஏங்க அன்னைக்கே சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அந்த மனுஷன் கண்ண மூடிக்கிட்டு நிக்கிறாரு. நீ அழறே. நான் வாசிச்சதுக்கு நீ அழுது பாத்ததே இல்ல."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓட்டை வெச்ச பெட்டியையே திருப்பிப் போட்டுக்கலாம்."

"எதுக்கு? ஒரே இடிய வாங்கறதுக்கா? அதுக்கு மிக்ஸிய ஓடவிட்டு மேல கைய வெச்சுக்கிட்டா போதுமே," என்று அவர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. பாக்ஸ் அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் சீட்டுக்கு அடியில் அதிர்வு மோட்டார் ஒன்றைப் பொருத்தினார். பேஸ் வாசிப்பை அப்படியே உடம்புக்குள் இறக்கும் என்று சொல்லி விற்கிற சாமான் அது. கணவர் உட்கார்ந்தார். பாக்ஸ் அண்ணன் தாழ்ந்த நோட்டு ஒன்று, உயர்ந்த நோட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி அனுப்பினார். கணவர் எது எது என்று சொன்னார். பாதி சரி, பாதி தப்பு. காசைச் சுண்டிப் பூவா தலையா கேட்டாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். மறுபடியும் செய்தார்கள். அதற்குப் பிறகு இன்னொரு முறையும். கடைசியில் கணவரே இறங்கி வந்து பாக்ஸ் அண்ணனின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"எனக்குத் தெரிஞ்ச வித்தை இவ்வளவுதாம்மா," என்றார் பாக்ஸ் அண்ணன், அவளிடம். மோட்டாரைக் கழற்றினார். மூடிய பெட்டியைக் கழற்றட்டுமா என்று கேட்டபோது கணவர் வேண்டாம் என்று தலையாட்டினார். "இருக்கட்டும். அவ கேப்பா."

அதற்குப் பிறகு அவர் காரில் இருக்கும்போது அவள் பாட்டுப் போடுவதில்லை. அவரை இறக்கிவிட்டுத் தனியாகப் போகும்போதும் முதலில் சில நாள் போடவில்லை. பிறகு போட்டாள். ஒவ்வொரு ரெகார்டிங்காகக் கேட்டுத் தீர்த்தாள். எந்த இரவு அவர் உற்சாகமாக இருந்திருக்கிறார், எந்த இரவு வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்பதுகூட அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. தெரிந்து என்ன, அதைப் போய் யாரிடம் சொல்வது?

ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து கிடங்கு வாசலில் காத்திருந்தாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள் ஏதோ நிழல் தட்டியது போலிருக்கக் கண் திறந்தாள். கணவர் காருக்கு வெளியே, கதவில் கை வைக்காமல், அவளையே பார்த்தபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவள் அவசரமாகப் பாட்டை நிறுத்தினாள்.

அவர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். "எந்தப் பாட்டு?"

சொன்னாள்.

"அதுல ரெண்டாவது சரணத்துல ஒரு எடத்துல தப்பா வாசிச்சிருப்பேன். மேடையில யாருமே கண்டுபிடிக்கல."

"கேட்டேன்," என்றாள் அவள், அவர் முகத்துக்கு நேராக.

"கேட்டியா?"

"ம்."

அவர் எதையோ மேலும் கேட்க வாயெடுத்தார். பின்னால் லாரி ஒன்று வெளியேற வழி கேட்டு ஹாரன் அடித்தது. அவள் ரோட்டைப் பார்க்கத் திரும்பி வண்டியை எடுத்தாள். வீடு போய்ச் சேரும்வரை, ரோட்டையே பார்த்திருந்த அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார் அவர்.