வாயாடி வாய் திறக்காத மதியம்

மதியம் எழுத்து வகுப்புக்கு மணி அடித்தது. பிள்ளைகளை உட்கார வைத்த சின்ன டீச்சர், ஓர் இடம் காலியாக இருப்பதைக் கவனித்தாள். வாயாடியைக் காணோம். நாலு வயதுகூட நிரம்பாத அந்தப் பெண் பேச ஆரம்பித்தால் ஓயமாட்டாள். அதனால் வந்த பெயர் அது. கொஞ்ச நாளாக அவளிடம் பேச்சே இல்லை.

பெரிய டீச்சர் அந்த மழலையர் பள்ளியை ஆரம்பித்தபோது அவருக்கு ஒரே எண்ணம்தான்: பிள்ளைகள் விளையாடி, கேள்வி கேட்டு, பயமில்லாமல் வளர வேண்டும். பக்கத்துத் தெருவில் இன்னொரு பள்ளி வந்து, அங்கே மூன்று வயதிலேயே எழுத வைக்கிறார்கள் என்ற பேச்சு பரவியதும், இங்கேயும் எழுத வைக்கச் சொல்லிப் பெற்றோர் நெருக்க ஆரம்பித்தார்கள். முன்னால் நின்றவள் வாயாடியின் அம்மா, மருந்துக்கடை நடத்துபவள். விளையாடுவதற்கு வீடு போதாதா என்று கேட்டாள். பிள்ளைகளை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்த பெரிய டீச்சர் வளைந்துகொடுத்தார். பொம்மைகளும் மரக்கட்டைகளும் பின்பக்கத்து அறைக்குப் போயின. பென்சில் பிடிக்கத் தெரியாத விரல்களைப் பிடித்து எழுத வைத்தார்கள். இது வேண்டாம் என்று சின்ன டீச்சர் சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை.

அன்று வாயாடியைக் காணாமல் கழிப்பறை, மாடிப்படிக்கு அடியில், மேசைகளுக்குக் கீழே என்று எல்லா இடமும் தேடியாயிற்று. வெளிக்கதவு லேசாகத் திறந்திருந்ததைப் பார்த்ததும் பெரிய டீச்சர் தெருவுக்கு ஓடினார். தெருமுனையில் லாரிகள் ஓடும் சாலை. திரும்பி வந்து தண்ணீர்த்தொட்டி மூடியையும் தூக்கிப் பார்த்தார். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அம்மா ஓடிவந்தாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அப்போதுதான் பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் ஆயாவுக்கு ஞாபகம் வந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்ததும், திறந்து கிடந்த பின்பக்கத்து அறையை உள்ளே பார்க்காமலே அவள்தான் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

கதவைத் திறந்தால் உள்ளே அனல். சுருட்டி வைத்த பாய்களுக்குப் பின்னால், உடம்பெல்லாம் வேர்த்து, முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள் வாயாடி. இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

அம்மா அவளை வாரி எடுத்துத் தண்ணீர் கொடுத்தாள். மூச்சு சீரான பிறகு கேட்டாள்.

"அம்மா கூப்பிட்டது கேக்கலையாடா செல்லம்?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் பேசாம இருந்தே?"

"பேசினா எழுதச் சொல்லுவீங்க."

 

சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துப்போக வந்தவர்களிடம் பெரிய டீச்சர் எதையும் மறைக்கவில்லை. தப்பு தன்னுடையது என்றார். நாளையிலிருந்து எழுத்து வகுப்பு கிடையாது என்றும் சொன்னார். கூட்டம் முணுமுணுத்தது. அப்படியானால் இங்கே எதற்குப் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று ஒரு தகப்பன் கேட்டான்.

மகளைத் தோளில் சாய்த்திருந்த அம்மா அவன் பக்கம் திரும்பினாள்.

"எழுத வைங்கன்னு முதல்ல சண்டை போட்டவ நாந்தாங்க. மூச்சு முட்டினாலும் பரவால்ல, அந்த வகுப்புக்கு மட்டும் போகக்கூடாதுன்னு என் பொண்ணு உள்ளயே இருந்திருக்கா. எழுத்து இன்னைக்கு வரலன்னா நாளைக்கு வரும். மனசுல பயம் புகுந்துட்டா லேசுல போகாது. பயமில்லாம, சந்தோஷமா வளரத்தாங்க இந்த வயசு. அதுக்குத்தான் இந்தப் பள்ளிக்கூடம்."